28 மில்லிமீட்டர் சோழன்

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் பொம்மை செய்துகொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? எங்கள் ஊர்க்காரர்கள் நம்புவார்கள். விருத்தாசலத்தில் பொம்மை என்பது விளையாட்டு இல்லை, சோறு. செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பீங்கான் பொம்மை என்று ஏதாவது ஒன்று சூளையில் வெந்துகொண்டிருக்கும். அப்பா அங்கே ஒரு பட்டறையில் அச்சு எடுப்பவர். நான் செராமிக் டிப்ளமா மாணவன். "அப்பன் செய்யற பொம்மையத்தான் நீயும் செய்யப் போற, அதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரியம்மா பையனுக்கு மேசைப் போர் விளையாட்டு என்றால் பைத்தியம். சதுரங்கம் மாதிரி கட்டமெல்லாம் கிடையாது. குட்டிச் சிப்பாய்களை நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி அடித்துக்கொள்ள வேண்டும். எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே இதற்கு 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் வைத்து ஆடியது 54 மி.மீ. ஈயச் சிப்பாய்கள். இப்போது பரவலாகப் புழங்குவது 28 மி.மீ. தலைப்பாகை, கிரீடம் எல்லாம் உயரத்தைக் குழப்பும் என்பதால் பலர் பாதத்திலிருந்து கண் வரைதான் அளக்கிறார்கள்.

"எனக்கு ஒரு சோழப் படை வேணும்டா தம்பி. இருபது பேர் போதும். பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கறேன்" என்றான் அண்ணன். மாதிரிக்கு ஒரு பிளாஸ்டிக் சிப்பாயையும் கொடுத்தான். சொந்தக்காரர்கள் வாயை அடைக்க இதுதான் சமயம் என்று உடனே தலையாட்டினேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. படித்தவன் ஆச்சே!

மெழுகில் ஒரு ஈட்டி வீரனைச் செதுக்கினேன். வெர்னியரில் வைத்துப் பார்த்தால் சரியாக 28. பிளாஸ்டர் ஆஃப் பாரீஸில் இரண்டு துண்டு அச்சு எடுத்தேன். பீங்கான் கூழை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் உள்ளே படியும். காய்ந்ததும் 1200 டிகிரிக்கு மேல் சூளை. வெளியே வந்தவனுக்கு ஈட்டி இல்லை, வலது கை இல்லை, கிளேஸ் வழிந்ததில் முகமும் இல்லை. உயரம் 24.6!

காயும்போது தண்ணீர் போகும், வேகும்போது துகள்கள் நெருங்கி இடைவெளி மூடும். எங்கள் பட்டறை மண் மொத்தத்தில் 12 சதவீதம் சுருங்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். 1970-களில் இந்த விளையாட்டில் 25 மி.மீ.தான் வழக்கம், பிறகுதான் 28 வந்தது. என் சோழனைச் சூளை அந்தக் காலத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது :-)

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சுருங்கும்னு தெரிஞ்சுதானடா அச்சு வெட்டணும்? மூலத்தைப் பெருசா பண்ணு. கைய உடம்போட ஒட்டு. முகத்தைப் பெருசா வை, தள்ளி நிக்கறவனுக்குக் கண்ணு தெரியணும். இத்தினி பொம்மைக்கு கிளேஸ் வேணாம்."

அண்ணன் கொடுத்த பிளாஸ்டிக் சிப்பாயை அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். அதற்கும் தலை பெரிசு, கை பெரிசு, வாள் கட்டை மாதிரி தடிமன். 28 மி.மீ. என்பது சுமாராக 56-ல் ஒரு பங்கு. மூன்று செ.மீ. பருமனுள்ள நிஜ ஈட்டிக் காம்பு அந்தக் கணக்கில் அரை மில்லிமீட்டர்தான் வரும். ஈயமாக இருந்தால் வளையும், பீங்கான் முறியும். ஈயக் கலவையை ரப்பர் அச்சில் வார்ப்பதால் நீட்டிய கையைக்கூட வளைத்து எடுத்துவிடலாம். பிளாஸ்டர் அச்சு வளையாது. பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். எங்கள் பிளாஸ்டர் அச்சு இருபது பேருக்கே கட்டுப்படியாகும். பொருள் எதுவோ, சிப்பாய் எப்படி நிற்கவேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. பீங்கான் சோழன் கையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நிற்க முடியும்.

28-ஐ 0.88-ஆல் வகுத்தால் 31.8. மூலத்தை 32 வைத்துச் செதுக்கினேன். கை முஷ்டியில் ஒரு துளை, சூளையிலிருந்து வந்தபின் அதில் குண்டூசியை ஒட்டினால் ஈட்டி. கிளேஸுக்குப் பதில் அக்ரிலிக் பெயின்ட். இருபதில் பதின்மூன்று பேர் தேறினார்கள். பொங்கலன்று பிளாஸ்டிக்காரன் பக்கத்தில் நிறுத்தினோம். கண்ணுக்குக் கண் சமம். பெரியம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கொலுவுக்கு ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார். என்னத்தைச் சொல்ல!

அன்று ராத்திரி அப்பா பேப்பரும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். "யானைப் படை கேட்டா எவ்வளவு உசரம் வைக்கணும்?" 2.7 மீட்டர் யானை, 56-ல் ஒரு பங்கு 48 மி.மீ. சுருக்கத்துக்குச் சேர்த்தால் மூலம் 55 என்றேன். எழுதிக்கொண்டார். தும்பிக்கை மட்டும் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டுமாம்.