கையில என்ன கலரு?

டவுன் பஸ்ல முன் சீட்டுல ரெண்டு ஸ்கூல் பசங்க.
இன்னொருத்தன் ஏறினான்.
இவனுங்க அவன் மூஞ்சியைப் பார்க்கல. மணிக்கட்டைப் பார்த்தானுங்க.
கயிறு கலரு ஒத்துப்போச்சு போல.
"வா மாப்ள"ன்னு நகர்ந்து இடம் விட்டானுங்க.

சட்டைக்குப் பேண்ட் மேட்ச் பண்ணத் தெரியலன்னு வீட்ல தினம் பாட்டு வாங்குற ஆளு நான்.
இவனுங்க ஆளையே மேட்ச் பண்றானுங்க!

சிரிச்சுட்டுக் கடந்து போகவும் முடியல. அந்தக் கயிறு கலரு சொல்றது சாதியை.

2023 ஆகஸ்ட், நாங்குநேரி.
ஒரு தலித் மாணவனை அதே ஸ்கூல் பசங்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க.
தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு.

அதுக்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு.
சாதியைக் காட்டுற கலர் கயிறு, மோதிரம், நெத்தியில குறி எதுவும் பள்ளிக்கூடத்துல வேணாம்னு பரிந்துரை.
"சாமி கயிறையுமா கழட்டச் சொல்றீங்க?"ன்னு சிலர் சண்டைக்கே வந்துட்டாங்க.

சரி, பசங்க கயிறை வாத்தியார் கழட்டச் சொல்லிடுவாரு.
ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல "நம்ம ஆளுங்க"ன்னு பெருமை பேசுற சித்தப்பா, மாமாவுக்கெல்லாம் யாருங்க சொல்றது?