நெப்போலியன் விற்றது எதை?

1803. பிரான்சிடம் அமெரிக்கா லூசியானாவை வாங்கியது, ஒன்றரைக் கோடி டாலருக்கு. இப்படி ஆரம்பித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கொட்டாவிதான் விடும். பி.காம். படித்த எனக்கு ஏக்கர் கணக்கு ஓடும். சுமார் மூன்று சென்ட். அடிமாட்டு விலை!

மேப்பை விரியுங்கள். மலையும் ஆறும் போதும். ஒஹையோ விவசாயியின் மாவு மூட்டைகளைக் கிழக்கே போகவிடாமல் அப்பலாச்சியன் மலை மறிக்கிறது. மிஸிஸிப்பியில் படகை விட்டால் நியூ ஆர்லியன்ஸ். 1802-ல் அங்கே சரக்கு இறக்க ஸ்பானிய அதிகாரி தடை போட்டார். ஜெஃபர்சன் ஏன் பதறினார் என்று பிள்ளையே சொல்லிவிடும். ஊரைத்தான் கேட்டார்கள், ஹைத்தியில் படையைப் பறிகொடுத்த நெப்போலியன் மொத்தத்தையும் தள்ளிவிட்டார்.

அதே மேப்பில் ஓசேஜ் மக்களின் இடத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். 1808-ல் அவர்களிடம் தனியாக எழுதி வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் நெப்போலியன் விற்றது எதை? பிள்ளை கேட்கும். டீச்சர் தயாராகப் போகட்டும்.