டேங்க் போட்டு எத்தனை மாசம்?

வீட்டுத் தொட்டியில் நட்சத்திர மீன் செத்துப்போன கதையைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். "வாங்கிட்டு வந்து நாலே நாள்ல கரைஞ்சுபோச்சு" என்பார்கள். இல்லையென்றால், "எட்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போயிடுச்சு." இந்தத் 'திடீர்' பொய். எட்டு மாதமும் அது பட்டினி கிடந்திருக்கிறது. அந்த நாலு நாளும் உண்மையில்லை. பையைப் பிரித்து விட்ட முதல் மணி நேரத்திலேயே காரியம் முடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிய நாலு நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னை கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பேர்போன இடம். தெருவுக்குத் தெரு கப்பியும் மோலியும் கோல்டு ஃபிஷ்ஷும் பிளாஸ்டிக் பைகளில் தொங்கும். கடல் மீன் விற்பவர்கள் அதில் சொற்பம். நான் போன கடையில் பின்கட்டைப் பார்த்துக்கொள்பவர் பாம்பன் பக்கத்து இளைஞர். அப்பாவுக்கு நண்டு வலைத் தொழில். வலையில் நண்டோடு சேர்ந்து ஏறிவரும் நட்சத்திர மீன்களைப் பிய்த்துக் கரையில் எறிந்து பழகிய கை அவருடையது. "அங்க அது குப்பை சார். இங்க வந்து பார்த்தா அதுக்கு ஏசி போட்ட தண்ணி" என்று சிரித்தார். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரைத்தான் ஏசி என்கிறார்.

அன்று காலை மண்டபத்திலிருந்து பார்சல் வந்திருந்தது. தெர்மாகோல் பெட்டி. முதலில் அறை விளக்கை அணைத்தார். பைகளை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஒரு பையின் வாயை அவிழ்த்து, டிராப்பரில் ஒரு சொட்டு எடுத்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு, மூடியை அழுத்தி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எனக்கும் கொடுத்தார். உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு முப்பதில் நின்றது. பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியில் அது முப்பத்தைந்தில் நிற்க வேண்டும்.

"அஞ்சு பாயின்ட்தானே தம்பி?" என்றேன்.

"மீனுக்கு அது ஒண்ணுமில்ல சார். மீன் டேங்கையெல்லாம் நாங்களே உப்பைக் குறைச்சுத்தான் ஓட்டுறோம். உப்பும் மிச்சம், பூச்சியும் கம்மி. இதுக்கு அப்படி இல்ல."

மீனுக்குச் சிறுநீரகம் இருக்கிறது, செவுள் இருக்கிறது. வெளியே உப்பு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே சமாளித்துக்கொள்ளும். நட்சத்திர மீனிடம் அந்த ஏற்பாடு கிடையாது. அதன் உடம்புக்குள் இருப்பது ஏறக்குறைய கடல்நீரேதான். முதுகில் சல்லடை போன்ற ஒரு சின்ன வட்டத் தகடு உண்டு. வெளித் தண்ணீரோடு உள்குழாய்களுக்கு அதுதான் தொடர்பு. அந்தக் குழாய்கள் ஒவ்வொரு கையிலும் ஓடி, அடியிலுள்ள நூற்றுக்கணக்கான கால்களை நீர் அழுத்தத்தால் நீட்டி மடக்குகின்றன. வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறும். மெதுவாக மாறினால் தாங்கும்.

அதனால்தான் சொட்டுவிடும் முறை. காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரம் விடச் சொல்வார்கள். இந்த இளைஞர் அதைச் செய்வதில்லை. அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. இரவெல்லாம் பைக்குள் கழிவு சேர்ந்து அம்மோனியா ஏறியிருக்கும். உயிர் மூச்சுவிட்ட கரியமில வாயு தண்ணீரின் பி.எச். அளவை இறக்கி, அந்த அம்மோனியாவின் விஷத்தை அடக்கி வைத்திருக்கும். பையைப் பிரித்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அடங்கிக் கிடந்தது சீறுகிறது. அந்தத் தண்ணீரில் போய் மூன்று மணி நேரம் உட்காரவைப்பதா? அவர் வேறொரு தொட்டியில் முன்கூட்டியே முப்பதில் புதுத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார். பையிலிருந்து நேராக அதற்கு மாற்றினார். அதில் உப்பை ஒரு நாளைக்கு ஒரு புள்ளி வீதம் ஏற்றுவாராம். முப்பத்தைந்தைத் தொட்ட பிறகுதான் விற்பனைத் தொட்டி.

மாற்றும்போதும் காற்றில் தூக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவை அடியில் நுழைத்து ஏந்தினார். ஒன்று பையின் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதன் கால்கள் ஒருவிதப் பசையைச் சுரந்து ஒட்டுகின்றன. விடுவதற்கும் தனியாக ஒன்றைச் சுரக்க வேண்டும். இழுத்தால் கால் அறுந்து பையிலேயே நின்றுவிடும். அவர் இழுக்கவில்லை. அடுத்த பைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அதுவே விட்டிருந்தது.

வந்தவற்றில் பாதி 'ரெட் நாப்'. சாம்பல் நிற உடம்பில் சிவப்புக் கொம்புகள், அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுகள். மன்னார் வளைகுடாவின் கடல்புல் தரைகளில் இருப்பது. ராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளில் காய்ந்து விறைத்துக் கிடக்கும் நட்சத்திர மீன்களைப் பார்த்தவர்களுக்கு உயிரோடு இதன் நிறம் நம்பமுடியாததாக இருக்கும். பழையதொன்றுக்கு எனக்காகத் தீனி போட்டார். உரித்த இறால் துண்டை இடுக்கியில் பிடித்து அதன் அடியில், வாய்க்குப் பக்கத்தில் செருகினார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடு உடம்பு மெல்லக் குவிந்து எழுந்தது. கைகள் உள்நோக்கி மடங்கின. கண்ணாடிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தால், இறாலைச் சுற்றி ஒளி ஊடுருவும் ஜவ்வு ஒன்று பரவியிருந்தது. வயிறு. வயிற்றை வெளியே தள்ளி, இரையின் மேல் போர்த்தி, அங்கேயே செரிக்கிறது. நான் கிளம்புகிற நேரத்தில் இறால் வெள்ளைக் கூழாகியிருந்தது.

இங்கேதான் இந்தத் தொழிலின் சிக்கல். கையால் தீனி போட்டு வருடக்கணக்கில் வளர்க்கத் தோதானது இந்த ரெட் நாப். ஆனால் இது பவளத் தொட்டிக்கு ஆகாது. மென்பவளம், கடற்பஞ்சு, மட்டி எதையும் விடாது. எதையும் கடிக்காமல் பவளங்களுக்கு நடுவே சமர்த்தாக இருக்கும் நட்சத்திர மீன்கள் நீல லிங்கியாவும் சிவப்பு ஃப்ரோமியாவும். இவற்றில் பெரும்பாலானவை இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கல்லின் மேலும் கண்ணாடியிலும் படியும் பாக்டீரியா, பாசி, நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்து வாழ்பவை. அந்தப் படலத்தைக் கடையில் வாங்க முடியாது.

புதுத் தொட்டியில் அது இருக்கவும் இருக்காது. நம் நாட்டில் இன்னும் கடினம். பாறைப் பவளங்கள், கடல்விசிறி, கடல் அட்டை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கடலிலிருந்து அந்தப் படலம் ஊறிய உயிருள்ள கல்லைப் பெயர்த்துவந்து தொட்டி கட்டும் பேச்சுக்கே இடமில்லை. அது நியாயமும்கூட. ஆகவே செயற்கைக் கல்லை வைத்து ஆரம்பிக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்தக் கல்லில் மேய்ச்சல் ஊறுவதற்கு ஒரு வருடமாவது வேண்டும்.

நான் இருக்கும்போதே கல்லூரிப் பையன் ஒருவன் ஃப்ரோமியா கேட்டு வந்தான். பின்கட்டுக்காரர் விலை சொல்லவில்லை. "டேங்க் போட்டு எத்தனை மாசம்?" என்றார். மூன்று. எத்தனை லிட்டர்? நூற்றைம்பது. "ப்ரிட்டில் ஸ்டார் எடுத்துக்கோ தம்பி. மீன் சிந்துறதைத் தின்னுட்டுக் கல்லுக்கடியில கிடக்கும். வருஷக்கணக்கா இருக்கும்." பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. ராத்திரியில் மட்டும் ஒல்லிக் கைகளை நீட்டும் அந்த உயிரை யார் கண்டு ரசிப்பது? வாங்காமல் போனான். முன்னால் கல்லாவில் இருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

நீல லிங்கியாவை அந்தக் கடை இப்போது தருவிப்பதே இல்லை. சரியான முடிவு என்பேன். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் கடலில் பிடித்து விமானத்தில் அனுப்புகிறார்கள். வியாபாரத்துக்கென்று யாரும் குஞ்சு பொரித்து வளர்ப்பதில்லை. அதன் ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கண் இருக்கிறது. ரீஃபை விட்டு விலகினால் அந்தக் கண்களால் பார்த்துத் திரும்பி வருகிறது என்று டென்மார்க், ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். நம் வீடுகளில் அது ஒன்றரை வருடம் தாண்டுவதே அபூர்வம்.

கடை வேலைக்கு நடுவே பின்கட்டு இளைஞருக்கு வீட்டுத் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையும் உண்டு. முகப்பேரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அம்மா ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஐந்நூறு லிட்டர் தொட்டி. அதில் ஒரு ஃப்ரோமியா நாலு வருடமாக இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சிறியது; செங்கல் சிவப்பு. முன் கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்க, பின் கண்ணாடியும் பக்கங்களும் பழுப்பேறிக் கிடந்தன. "வர்றவங்க எல்லாம் தேய்க்கச் சொல்றாங்க. அது இதோட சாப்பாட்டுத் தட்டு" என்றார் அந்த அம்மா. கீழே சம்ப் தொட்டியில் சின்ன விளக்குப் போட்டுக் கைப்பிடிக் கற்கள் வளர்க்கிறார். பாசிப் படலம் ஏறியதும் மேலே வைப்பார். மேய்ந்து வெளுத்ததைக் கீழே இறக்குவார்.

ஃப்ரோமியா கண்ணாடியில் ஏறும் நாளில் வெளியே ஸ்கேலை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்துவிடுகிறார். ஃபோனில் வரிசையாகக் காட்டினார். ஏழரை சென்டிமீட்டர், ஏழரை, ஏழரை. பட்டினி கிடக்கும் நட்சத்திர மீன் சாவதற்கு முன் மாதக்கணக்கில் சுருங்கும், கைகள் சப்பிப்போகும். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, ஸ்கேலுக்குத் தெரியும். கை நுனியில் வெள்ளைப் புண் வந்த பிறகு செய்ய அதிகமில்லை. 2013 முதல் அமெரிக்காவின் பசிபிக் கரையில் கோடிக்கணக்கில் நட்சத்திர மீன்கள் கரைந்தனவே, அதற்குக் காரணமான ஒரு விப்ரியோ பாக்டீரியாவை 2025-இல்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டில் கரையும் ஒவ்வொன்றுக்கும் அந்த நோயின் பெயரை ஒட்டிவிடுவது தப்பித்தல். பெரும்பாலும் காரணம் பசி, அல்லது உப்பு.

உப்பில் அந்த அம்மா கெடுபிடி. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. சென்னை வெயிலில் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஒரு மிதவைக் கருவி தானாக ஊற்றுகிறது. அதை அவர் நம்புவதில்லை. தினமும் காலையில் ரிஃப்ராக்டோமீட்டர் பார்த்த பிறகுதான் காபி. முன்பு கோவளத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து தர ஆள் இருந்தாராம். நவம்பர், டிசம்பரில் மழையும், வடக்கேயிருந்து ஆற்று வெள்ளத்தைச் சுமந்து இறங்கும் நீரோட்டமும் சேர்ந்து கரையோர உப்பை இறக்கிவிடும் என்று பின்கட்டுக்காரர்தான் அதை நிறுத்தச் சொன்னார். இப்போது பாக்கெட் உப்பு.

கிளம்பும்போது அந்த அம்மா மெல்ல ஆரம்பித்தார். "ஒண்ணு மட்டும் இருக்கே தம்பி, இன்னொண்ணு கொண்டுவாயேன்."

"மேய்ச்சல் ஒண்ணுக்குத்தான் காணும் மேடம்."

"கீழ கல்லு வளர்க்கிறேனே?"

"அதையும் சேர்த்துத்தான் ஏழரையில நிக்குது. வளர்ந்திருந்தா நானே கொண்டுவந்திருப்பேன்."

அவர் விடவில்லை. பக்கத்துச் சுவரைக் காட்டி அங்கே ஒரு தொட்டி வைத்தால் என்ன ஆகும் என்றார். கண்ணாடி, ஸ்டாண்டு, சில்லர், ஸ்கிம்மர் என்று இளைஞர் விரல்விட்டு எண்ணி ஒரு தொகையைச் சொன்னார். அந்த அம்மா சம்மதித்துவிட்டார். அட்வான்ஸ் எவ்வளவு என்றுகூடக் கேட்டார். "அடுத்த மாசம் தொட்டி வெச்சுடலாம் மேடம். ஃப்ரோமியா பேச்சை மட்டும் ஒண்ணரை வருஷம் கழிச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரை அளக்க டேப்பை எடுத்தார்.