71 விநாடி கறுப்புத் திரை

புதுச் சாமான் ஒன்று சரியாக ஓடவில்லை என்றால் வீட்டில் ஆளுக்கு ஆள் நீதிபதி ஆகிவிடுகிறோம். எங்கள் வீட்டில் கூண்டில் நின்றது ஒரு கணினி. என் மகன் தன் கையாலேயே பூட்டியது.

எஸ்.பி.எம். முடித்த கையோடு கிள்ளானில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் பகுதி நேரமாகச் சேர்ந்திருந்தான். எடிட்டிங் வேலை. சொந்தமாக நல்ல கணினி இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம், ஒரு கல்யாணத்துக்கு 250 ரிங்கிட் தருகிறேன் என்றார் அவர். பையன் தன் சேமிப்பிலிருந்து 1,900 போட்டான். மீதி 2,600 நான் போட்டேன். ஒரு சனிக்கிழமை சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 நிலையத்தில் எல்ஆர்டி ஏறி, கேஎல் சென்ட்ரலில் மோனோரயிலுக்கு மாறி, புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவுக்குப் போனோம். மாடி மாடியாக ஏறி இறங்கி விலை கேட்டு, கடைசியில் முதலில் கேட்ட கடையிலேயே வாங்கினோம். அது எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் பூட்டிவிட்டான். முதல் முறை சுவிட்சைத் தட்டியதும் காற்றாடிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான்காவது நிமிடத்தில்தான் எழுத்து வந்தது. முதல் முறை நேரம் எடுக்கும் என்று மதர்போர்டு கையேட்டிலேயே போட்டிருப்பதாகச் சொன்னான். சரி. ஆனால் இரண்டாம் முறையும், பத்தாம் முறையும் ஒன்றரை நிமிடத்துக்குக் குறையவில்லை.

“நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளிங்க. என் பழைய லேப்டாப்பே இதைவிட சீக்கிரமா திறக்குது” என்றாள் மனைவி. பூச்சோங்கிலிருந்து வந்த மச்சான், எஸ்எஸ்டி போலியாக இருக்கும் என்றார். அண்ணன் மகன், விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான். கடையில் ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் பொருளை மாற்றித் தருவார்கள். ஆனால் எந்தப் பொருளை?

நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கணினி எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஒரு லைன் நின்றுபோனால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘எதுவரைக்கும் ஓடியது?’ என்பதுதான். அதையே இவனிடமும் கேட்டேன். சுவிட்சைத் தட்டியதிலிருந்து முகப்புத் திரை வரும்வரை கைப்பேசியில் நேரம் பிடித்தோம். 96 விநாடி. இதில் விண்டோஸ் வருவதற்கு முன் எவ்வளவு, வந்த பிறகு எவ்வளவு?

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்துக்குப் போனால், மேல் ஓரத்தில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஓர் எண் இருக்கும். மதர்போர்டு தன்னைத்தானே சோதித்து முடித்து, கணினியை விண்டோஸிடம் ஒப்படைக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. உங்கள் வீட்டுக் கணினியிலும் பார்க்கலாம். எங்களுடையதில் 71.

ஆக, விண்டோஸின் பங்கு 25 விநாடிதான். போலி எஸ்எஸ்டி என்ற வழக்கும், விண்டோஸை அழி என்ற வழக்கும் அங்கேயே பலவீனமாகிவிட்டன. அந்த 25-லும், தானாகத் திறந்துகொள்ளும் நான்கு செயலிகளை நிறுத்தியதும் 9 போய்விட்டது.

மிச்சம் இருந்தது அந்த 71. பெட்டிக்குள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது, எங்கள் குடும்பப் படங்களோடு. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் 62. பழைய டிஸ்க் சுழன்று வேகம் பிடித்துப் பதில் சொல்லும்வரை மதர்போர்டு காத்திருக்கிறது. பிறகு பக்கக் கதவைத் திறந்துவைத்து மதர்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் பொட்டுப் பொட்டாக நான்கு விளக்குகள்: பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். ரேம் விளக்குத்தான் விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

“பா, இது டிடிஆர்5 ரேம். ஒவ்வொரு தடவையும் டிரெய்னிங் பண்ணுது.”

ரேமுக்கு என்னடா பயிற்சி என்று கேட்டு, அன்று இரவு அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். அவன் வாங்கியது 6000 வேகம் என்று எழுதியிருக்கும் ரேம். அப்படியென்றால் ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 600 கோடி முறை தகவல் போகிறது. ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள நேரத்தில் ஒளிகூட 5 சென்டிமீட்டர்தான் போகும். மதர்போர்டின் செப்புக் கோட்டில் மின்சாரச் சைகை அதில் பாதி தூரம்தான் போகும். ஆகவே ஒரு தகவல் போய்ச் சேருமுன் அடுத்தது கிளம்பிவிடுகிறது. எந்த நொடித்துளியில் எட்டிப் பார்த்தால் எது கிடைக்கும் என்பதை, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக அளந்து வைத்துக்கொண்டால்தான் வேலை நடக்கும். சூடு மாறினாலும் அளவு கொஞ்சம் நகரும். கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அதுதான். கறுப்புத் திரை என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் தலைமுறைக் கணினிகளும் தொடங்கும்போது நினைவகத்தைக் கிலோபைட் கிலோபைட்டாக எண்ணிக் காட்டும். அதைப் பார்க்கவே ஓர் ஆறுதல். இப்போதையது என்ன செய்கிறது என்று நமக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் பாதி சண்டை வந்திருக்காது.

பயாஸில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெயர் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்’. ஒருமுறை அளந்ததைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். செவ்வாய் இரவு அதைத் திறந்துவிட்டான். 62 போய் 17 ஆனது. மனைவி அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

புதன்கிழமை இரவு, ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் பகுதியை வெளியெடுத்துக்கொண்டிருந்தபோது திரை நீலமாகி நின்றது. திரும்ப ஓட்டினான். மறுபடியும் நீலம். வீடியோவை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மாற்றித் தரும் கெடுவும் அன்றோடு முடிகிறது. “பேசாம கடையில கொடுத்துட்டு வந்துடுங்க” என்றாள் மனைவி. எனக்கும் ஆசைதான். ஆனால் ரேமா மதர்போர்டா என்று தெரியாமல் எதைக் கழற்றிக்கொண்டு போவது?

மெம்டெஸ்ட்86 என்று ஒரு சோதனை நிரல் உண்டு. அதை பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் படிக்கச் செய்யலாம். அன்று இரவே ஓட்டினோம். விடியும்போது திரையில் பிழைகள் சிவப்பாக நின்றன. வியாழன் பகலில் அந்தச் சேமிப்பு வழியை மூடிவிட்டு, வேறெதையும் தொடாமல், அதே சோதனையைத் திரும்ப ஓட்டினோம். நான்கு சுற்றும் முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை.

ரேமும் நல்லது, மதர்போர்டும் நல்லது. பழைய அளவை வைத்து ஓட்டும்போது மட்டும் பிசகுகிறது. நேற்றுச் சேர்த்த சுருதியோடு இன்று மேடை ஏறிய கதை.

“நீயே சொல்லு” என்று அவனிடம் விட்டேன். அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “மெதுவாவே திறக்கட்டும்பா. கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.”

கறுப்புத் திரை திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை மாலை வீடியோ கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது.

மதர்போர்டு நிறுவனம் பயாஸுக்குப் புதிய பதிப்பு ஒன்று வெளியிட்டிருந்தது. ரேம் பயிற்சியைச் சீர்செய்திருப்பதாகக் குறிப்பும் இருந்தது. அன்றே போட்டுவிடத் துடித்தான். நான்தான் தடுத்தேன். பயாஸை மாற்றி எழுதும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். சுபாங் ஜெயாவில் சாயங்காலமானால் வானம் என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றும் ஐந்து மணிக்கு இடி தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், போட்டான். போட்டதும் பயாஸின் அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டன. ரேமின் 6000 வேகத்தைத் திரும்ப வைத்து, சேமிப்பு வழியையும் திறந்து, மறுபடி மெம்டெஸ்ட்டை ஓட்டினான். இந்த முறை நான்கு சுற்றும் சுத்தம். பயாஸ் நேரம் 19, முகப்புத் திரைவரை 35 விநாடி. அதன் பிறகு மூன்று கல்யாணமும் ஒரு காதுகுத்தும் முடித்துக் கொடுத்துவிட்டான். நீலத் திரை வரவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் திரும்ப மாட்டவில்லை. அதிலிருந்த படங்களையெல்லாம் புதியதில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறான். 2009 தீபாவளிவரை வந்திருக்கிறான்.