தோல் நிறப் பென்சில்

அமராவதியின் கரையிலே, நெல் வயல்கள் சூழ்ந்த கொமரலிங்கத்திலே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் நாம். பட்டம் பெற்றோம், பகுத்தறிவு பேசினோம், பழமையைச் சாடினோம். ஆயினும் சென்ற ஆண்டுப் பள்ளி விழாவிலே நாம் செய்த ஒரு செயல் இன்னும் நெஞ்சைச் சுடுகிறது, தோழர்களே!

தமிழ்த்தாய் வேடம். பாடல் முழுவதையும் பிழையின்றிப் பாடத் தெரிந்தவள் ஒரே ஒரு சிறுமி. நாற்று நடும் தாயின் மகள். கார்மேக நிறத்தாள். (கார்மேகம் என்கிறோமே, அதுவும் ஒரு பூச்சுதான்; கறுப்பு என்றே சொல்லிவிடுவோம்.) வேடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. மறுத்தவர் புரோகிதரா? பண்ணையாரா? அல்லர், நாமேதான்! "மேடையிலே எடுப்பாக இருக்கவேண்டும்" என்றோம். சிவந்த மேனிச் சிறுமியை நிறுத்தி, அவள் முகத்திலும் மாவை அப்பினோம். பாடத் தெரிந்தவள் திரைக்குப் பின்னே நின்று பாடினாள். கைதட்டல் திரைக்கு முன்னே நின்றவளுக்குக் கிடைத்தது.

தமிழ்த்தாய் வெளுத்தவள் என்று நமக்குக் கற்பித்தது யார்? அன்றிரவு வீட்டுச் சுவரைப் பார்த்தோம். நாட்காட்டி தொங்கிற்று.

அந்த நாட்காட்டிக்கு ஒரு மூதாதை உண்டு. திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் எண்ணெய் வண்ணம் தீட்டுவதைக் கண்டு பழகியவர் இரவிவர்மா. 1894இல் பம்பாயிலே அச்சகம் கண்டார். ஜெர்மானியத் தொழில்நுட்பரை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். கல்லின்மேல் கல்லாக ஒற்றியெடுத்தால் ஒரு தேவி! கோயிலுக்குள் நுழையவே விடப்படாதவர் குடிசைக்கும் அந்தத் தேவி சென்றாள். அது நன்மையே என்போம். ஆனால் என்ன நிறத்தோடு சென்றாள்? ஐரோப்பியச் சீமாட்டியின் நிறத்தோடு! பின்னர்ச் சிவகாசி அச்சகங்கள் அதே மேனியை ஆண்டுதோறும் பெருக்கின.

கடவுள் உண்டா, இல்லையா என்னும் வழக்கை இன்றைக்கு ஒத்திவைப்போம். உண்டென்போரையே கேட்கிறோம். கிருஷ்ணன் என்றால் கரியவன் என்றுதானே பொருள்? படத்திலே ஏன் நீலம்? பாரதத்துத் திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று பெயர்; அவளும் கரியவளே. அவள் வெளுத்தது எந்தச் சலவைத் துறையில்? கருவறையிலே கருங்கல், அதன்மேல் எண்ணெயும் வழிகிறது. அந்தக் கறுப்பைக் கும்பிட்டு வீடு திரும்பும் பக்தர், சுவரிலே இளஞ்சிவப்பு முகத்துக்கு ஊதுவத்தி கொளுத்துகிறார். முரண் அவர் கண்ணிலே படுவதேயில்லை.

சங்கப் புலவர் தலைவியின் மாமை நிறத்தை அழகென்று போற்றினர். மாந்தளிர் போன்ற நிறம் அது. பிரிவுத் துயரால் அம்மேனி வெளிறுவதைப் பசலை என்றனர். வெளிறல் அவர்களுக்கு நோய்! நம் காலத்திலோ அந்த நோயைக் குழாயில் அடைத்து விற்றார்கள். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020இல்தான் பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல்லைக் களைந்தது.

வெள்ளையன் தலையிலேயே முழுப் பழியையும் போடலாமா? கூடாது. வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்று பொருள் உண்டு. இருந்த மேட்டிமைக்கு அவன் அளவுகோல் கொடுத்தான். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையரான ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சாதியின் தகுதி தாழும் என்று விதி எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். திராவிடம் என்பது 1856இல் கால்டுவெல் நிலைநாட்டிய மொழிக்குடும்பத்தின் பெயர். நமக்கு அது சமத்துவத்தின் குரலும்கூட. அதை மூக்கின் அளவாகவோ தோலின் நிறமாகவோ சுருக்கிப் பேசும் நம் தோழர் சிலர், ரிஸ்லியின் கருவியைத் தம் கையிலேயே ஏந்துகின்றனர். கசப்பாயினும் சொல்லியாக வேண்டும்.

இது நம் நாட்டுப் பிணி மட்டுமன்று. பாலஸ்தீனத்துத் தச்சர் மகனை, 1940இல் அமெரிக்கர் வார்னர் சால்மன் வெண்முகத்தோடு தீட்டினார். அப்படமே உலகெங்கும் பரவிற்று. சென்னையில் 2017இல் பரத்வாஜ் சுந்தர், நரேஷ் நில் என்னும் இருவர், இலக்குமியையும் சீதையையும் கறுத்த பெண்களைக் கொண்டே படமெடுத்துக் காட்டினர். கடவுளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை; ஆனால் அந்தப் படங்களை நம் வகுப்பிலே காட்டினோம். பிள்ளைகள் முதலில் சிரித்தனர். பிறகு சிரிப்பு நின்றது.

சென்ற வாரம் ஓவிய வகுப்பு. "உங்கள் அம்மாவை வரையுங்கள்" என்றோம். திரைக்குப் பின்னே பாடிய அதே சிறுமி எழுந்து, "சார், தோல் கலர் தீர்ந்து போச்சுங்க" என்றாள். பெட்டியைப் பார்த்தோம். தீர்ந்திருந்தது இளஞ்சிவப்புப் பென்சில். பழுப்பும் கறுப்பும் கூர் மழுங்காமல் கிடந்தன. பழுப்பை எடுத்து அவள் புறங்கையருகே வைத்தோம். அவள் கையைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள். "இது மரத்துக்குங்க சார்" என்றாள்.

இவ்வாண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தமிழ்த்தாய் வேடத்துக்கு அவள் பெயரை எழுதிவிட்டோம். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.