இரண்டு ஈயம்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சென்ற கோடை விடுமுறையில் நான் கற்ற வேதியியல், கோத்தகிரியில் ஒரு வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு அமர்ந்து கற்றது.

என் தாய்மாமன் குழாய் வேலை செய்பவர். குவைத்தில் பல ஆண்டுகள் செப்புக் குழாய் வேலை பார்த்துத் திரும்பியவர். நம் பக்கத்து வீடுகளில் செப்புக் குழாய் அரிது. மலையில் வெந்நீருக்காகச் சிலர் கேட்பார்கள். புத்தகச் செலவுக்கு ஆகுமே என்று மாமாவுக்கு எடுபிடியாகப் போனேன்.

செப்புக் குழாயில் வால்வைப் பற்றவைப்பது பார்வைக்கு எளிது. வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் நீக்கி, புதுக் காசு போல் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஃபிளக்ஸ் பசை தடவி, வால்வுக்குள் செருக வேண்டும். வால்வின் ஸ்பிண்டிலை முன்பே கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வாஷர் கருகிவிடும். டார்ச்சின் தீயைக் கனத்த பித்தளை வால்வின் மேல் காட்ட வேண்டும். மெல்லிய குழாய் விரைவில் சூடேறிவிடும். பற்றாசுக் கம்பியைத் தீயில் காட்டாமல் எதிர்ப்புறத்து இடுக்கில் தொட்டால், உருகிச் சுற்றிலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் தேர்வில் எழுதும் நுண்புழை ஏற்றம் இதுதான்.

நான் வைத்த முதல் வால்வில் பற்றாசு உருண்டை உருண்டையாகத் திரண்டு உதிர்ந்தது. மாமா சிரித்தார்.

"மேலேயிருந்து தண்ணி சொட்டுதே, பார்த்தியா மாப்பிள்ளே?"

உள்ளே தண்ணீர் இருக்குமட்டும் அவ்விடம் 100 டிகிரியைத் தாண்டாது. பற்றாசோ 183 டிகிரியில்தான் இளகத் தொடங்கும். படித்த எனக்கு இது தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற மாமா, தேநீருக்கு வாங்கிய ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்துக் குழாய்க்குள் அடைத்தார். சொட்டு நின்றது, வால்வு பற்றியது. தண்ணீர் விட்டால் ரொட்டி கரைந்து வெளியேறிவிடுமாம்.

அப்போதுதான் கம்பிச் சுருளில் 60/40 என்று போட்டிருந்ததைக் கண்டேன். அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம்! குவைத்தில் கம்பெனி கொடுத்த கம்பியைப் பயன்படுத்திய மாமா, இங்கே ரேடியோக் கடையில் கிடைத்ததை வாங்கியிருந்தார். தொழில் கற்றுத் தருபவரிடம் குறை சொல்வதா? தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஈயச் சொம்பு ரசம் குடிச்சு வளர்ந்தவன்தானேடா நீ? ஈயம் என்ன பண்ணும்?"

"சொம்பு வெள்ளீயம், மாமா. இதில் காரீயமும் கலந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில் இறங்கும். வெந்நீரில் இன்னும் அதிகம். குழந்தைகளோட மூளையைக் கெடுக்கும். அமெரிக்காவில் 1986-லேயே குடிநீர்க் குழாய்க்கு இதைத் தடை பண்ணிட்டாங்க."

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ முன்னே பண்ணின மூணு வீடு?"

அன்று வைத்த வால்வைக் குழாயோடு வெட்டி எறிந்தோம். அன்றைய கூலி போயிற்று. 97 பங்கு வெள்ளீயமும் 3 பங்கு செம்பும் கொண்ட கம்பியைக் கோவையிலிருந்து வரவழைத்தோம். அதற்குச் சூடு கூடுதலாக வேண்டும். மாமாவின் கை ஒரே நாளில் பழகிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று வீடுகளுக்கும் போனோம். "இந்தக் குழாய்த் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாங்க. மாத்தித் தர்றேன், கூலி வேண்டாம்" என்றார் மாமா. ஒரு வீட்டில் வசவு கிடைத்தது. தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் நானும் நின்றேன்.

நண்பர்களே, ரொட்டித் துண்டின் பயனை மாமாவிடம்தான் கற்றேன். காரீயத்தின் தீமையை அவருக்குச் சொல்ல அதுவரை யாருமில்லை. நாம் படிப்பது நம் வீட்டாரிடம் போய்ச் சேரவில்லை என்றால், அது தேர்வுத் தாளோடு முடிந்துவிடும்.