மிச்ச 99 ஆடுகள்

பின்னேரம் சமையல் முடியுமட்டும் மகளின்ர கையில போன். கார்ட்டூனுக்குப் பதிலாக வேதாகமக் கதைகளைப் போட்டுவிட்டு, 'நல்லதைத்தானே பாக்கிறாள்' என்று நிம்மதியாக இருந்தோம். உண்மையில் எங்களுக்கு வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் காணாமல்போன ஆட்டின் கதை ஓடியது. அடுப்படிக்கு ஓடிவந்து கேட்டாள்: "அம்மா, அந்த ஒரு ஆட்டைத் தேடிப் போகேக்க மிச்ச 99 ஆட்டையும் ஆர் பாத்தது?"

எங்களிடம் பதில் இல்லை. இரவு லூக்கா 15ஆம் அதிகாரத்தை எடுத்து மூவருமாக வாசித்தோம். வனாந்தரத்தில விட்டிட்டுப் போனதாக மட்டும்தான் இருந்தது. "பாவம், அதுகளும் பயந்திருக்கும்" என்றாள்.

இப்ப பத்து நிமிடம் சேர்ந்து பாக்கிறம். பிறகு போனை அணைத்துவிட்டு அவள் கேட்கிறதைக் கேட்கிறம். எங்கட வீட்டு ஜெபம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குது.